கோடு விழுந்த சிலிண்டர்

நான் தொழில் பழகியது இருசக்கர வண்டிப் பட்டறையில். ஆர்எக்ஸ் 100 தெருவெல்லாம் ஓடிய காலம். சிலிண்டர் தேய்ந்து புகை கக்கினால், கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப் போவோம். கால் மில்லி கூட்டிக் கடைந்து தருவார்கள். அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் கடையில் கிடைக்கும். இன்னும் தேய்ந்தால் அரை மில்லி, அப்புறம் முக்கால், கடைசியாக ஒரு மில்லி. ஒரே சிலிண்டர் அப்பாவின் காலத்தையும் மகனின் காலத்தையும் ஓட்டிவிடும். அந்தப் பழக்கம் ஊரில் எல்லோர் மனதிலும் ஊறிக் கிடக்கிறது. அதனால்தான் மரம் அறுக்கும் மெஷின் ஜாம் ஆகி என்னிடம் கொண்டு வருகிற பலரும், "அண்ணே, போர் பண்ணிக் குடுத்துருங்க" என்கிறார்கள்.

மெஷின் ரம்பத்துக்குப் போர் பண்ண முடியாது. இதை விளக்கிச் சொல்லாமல் விலை சொன்னால், ஏமாற்றுகிறான் என்றுதான் நினைப்பார்கள். ஆகவே உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன்.

ஆர்எக்ஸ் 100 சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் உண்டு. கடைவதற்குச் சதை இருக்கிறது. மெஷின் ரம்பத்தை நாள் முழுக்கக் கையில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். 72 சிசி மெஷினே பார், செயின் இல்லாமல் ஆறு கிலோ சொச்சம்தான். அந்த எடைக்குள் அடக்க, சிலிண்டர் முழுவதையும் அலுமினியத்தில் வார்க்கிறார்கள். பிஸ்டனும் அலுமினியம். இரண்டும் நேருக்கு நேர் உரசினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், சிலிண்டரின் உள்சுவரில் ஒரு கெட்டிப் பூச்சு ஏற்றுகிறார்கள். சிலவற்றில் குரோம். பெரும்பாலான நல்ல மெஷின்களில் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் சேர்ந்த பூச்சு. ஜெர்மனியின் மாலே கம்பெனி 1967-ல் வாங்கல் இன்ஜினுக்காகக் கண்டுபிடித்தது, நிக்கசில் என்று பெயர். அதன் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கடைசல் கத்தி ஒரு சுற்று சுற்றினால் பூச்சு போய்விடும். அடியில் இருப்பது வெறும் அலுமினியம்.

"அப்ப இரும்பு ஸ்லீவ் அடிச்சிரலாமே" என்று கேட்பவர்களும் உண்டு. அடித்துத் தரும் லேத்காரர்களும் இருக்கிறார்கள். நான் அதற்கு உடன்படுவதில்லை. டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் காற்று உள்ளே வர, புகை வெளியே போக என்று வாசல்கள் இருக்கின்றன. ஸ்லீவில் அத்தனை வாசலையும் அதே அளவில், அதே இடத்தில் வெட்டி, ஓரங்களை மழுக்க வேண்டும். அப்படியே செய்தாலும், இரும்பு வழியாக அலுமினியத் தகடுகளுக்குச் சூடு இறங்குவது மட்டுப்படும். நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிற இன்ஜின் அதைத் தாங்காது. பூச்சை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி ஏற்றித் தரும் பட்டறைகள் வெளிநாடுகளில் இருக்கின்றன. அபூர்வமான பந்தய வண்டிக்கு அது சரி. நம் ஊரில் கூலிக்கு மரம் அறுக்கிறவருக்குக் கட்டாது.

ஆக, மிஞ்சுவது மூன்று வழி. சுத்தம் செய்து அதே சிலிண்டரை ஓட்டுவது, சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்து வரும் கிட் வாங்கி மாற்றுவது, மெஷினையே கைகழுவிவிடுவது. இதில் எது என்பதைச் சிலிண்டரில் எத்தனை கோடு விழுந்திருக்கிறது என்று பார்த்து முடிவு செய்தால் தப்பாகப் போகும். கோடு ஏன் விழுந்தது என்று தெரிந்த பிறகுதான் செலவைப் பற்றிப் பேச வேண்டும். காரணத்தை விட்டுவிட்டுப் புது கிட் போட்டால், அந்தக் கிட்டும் பழையது போன வழியிலேயே போகும்.

காரணத்தைத் தேட இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டியதில்லை. சைலன்சரின் போல்ட்டுகளைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்துவிடும். பிளக்கையும் கழற்றிவிட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை ஏற்றி இறக்கி, டார்ச் அடித்துப் பார்க்கலாம். ரிங் பளபளவென்று தெரிய வேண்டும். சின்ன மரக்குச்சியால் தொட்டால் தன் பள்ளத்தில் அமுங்கி எழ வேண்டும். பிஸ்டனின் பக்கம் வழுவழுவென்று இருக்க வேண்டும். சைலன்சர் பக்கம் பார்த்தது போலவே கார்பரேட்டரைக் கழற்றி அந்தப் பக்கமும் பார்ப்பேன். எந்தப் பக்கம் அடிபட்டிருக்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

பிஸ்டனைச் சுற்றி எல்லாப் பக்கமும் உரசியிருந்து, எண்ணெய்ப் பசையே இல்லாமல் வறண்டு, ரிங் பள்ளத்தோடு அப்பிக்கொண்டிருந்தால், ஆயில் கலக்காத பெட்ரோல் ஓடியிருக்கிறது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குள் தனியாக ஆயில் தேங்கும் இடம் கிடையாது. பெட்ரோலோடு போகிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். கம்பெனி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, வேறு 2டி ஆயில் என்றால் 40 மில்லி என்பது நான் பார்க்கிற பெரும்பாலான மெஷின்களின் கணக்கு.

சைலன்சர் பக்கம் மட்டும் உரசியிருந்தால் அது சூட்டால் வந்தது. பிஸ்டனில் அதிகம் கொதிப்பது அந்தப் பக்கம்தான். கார்பரேட்டர் பக்கத்தை உள்ளே வருகிற பெட்ரோல் குளிர்வித்துவிடுகிறது. சூடு ஏறுவதற்குக் காரணம் பல. கார்பரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருக்கலாம். டேங்க் பில்டர் அடைத்திருக்கலாம். ஆயில் சீல் கிழிந்தோ, கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்தோ காற்று இழுக்கலாம். மரத்தூளும் பிசினும் சேர்ந்து சிலிண்டரின் குளிர்த் தகடுகளை அடைத்திருக்கலாம். மொட்டைச் செயினும் ஒரு காரணம்தான். பல் மழுங்கிய செயினை வைத்து மரத்தில் அமுக்கிக்கொண்டே ஆக்சிலேட்டரைப் பிடித்திருந்தால் இன்ஜின் வெந்துபோகும். வருகிற மெஷினில் தூள் பொடிப்பொடியாக மாவு போல ஒட்டியிருந்தால் செயினைத்தான் முதலில் தடவிப் பார்ப்பேன். நல்ல செயின் சீவலாகத்தான் தள்ளும்.

கார்பரேட்டர் பக்கம் பிஸ்டனின் அடிப்பகுதி பளபளப்பு இழந்து, சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகளாகத் தேய்ந்திருந்தால், தூசி உள்ளே போயிருக்கிறது. ஏர் பில்டர் கிழிந்தது, சரியாக உட்காராதது, பில்டரே இல்லாமல் ஓட்டியது, ஏதோ ஒன்று. இந்த மூன்றாவது வகைதான் எனக்கு அதிகக் கவலை தருவது. ஏனென்றால் தூசி சிலிண்டரோடு நிற்பதில்லை. உள்ளே வருகிற காற்று முதலில் போவது கிராங்க் இருக்கும் அடி அறைக்கு. கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் பெரிய தலை எல்லாவற்றையும் அந்தத் தூசி அரைத்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறது.

பிஸ்டன் பின்னின் இரண்டு முனைக்கும் நேராக, மேலிருந்து கீழ்வரை ஆழமான பள்ளம் விழுந்திருந்தால், பின்னைப் பிடித்து நிற்கும் சர்க்லிப் கழன்று ஓடியிருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அந்தச் சிலிண்டர் முடிந்தது.

இதையெல்லாம் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். கைக்கு வருவதற்கு நிறைய மெஷின் பார்க்க வேண்டும். அறந்தாங்கிப் பக்கத்தில் இருந்த எனக்கு அப்படியொரு நெருக்கடியைக் கொடுத்தது கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று நான்கு மாவட்டத்திலும் தென்னை வேரோடு சாய்ந்தது. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் தென்னையோடு பலாவும் விழுந்தது. பிள்ளைகளைப் போல வளர்த்த மரங்கள். வீட்டுக்கு வழி இல்லை, தோப்புக்குள் கால் வைக்க இடமில்லை. இருக்கிற மெஷினையெல்லாம் எடுத்துக்கொண்டு, அதுவரை மெஷினைத் தொட்டே பார்க்காதவர்களும் அறுக்க இறங்கினார்கள். தென்னையின் வெளிவைரம் செயினைச் சீக்கிரம் மழுக்கும். மண்ணில் புரண்டு கிடக்கும் மரமென்றால் மணலும் சேர்ந்து மழுக்கும். கரண்ட் இல்லாததால் அரம் பிடித்துத் தீட்டவும் வெளிச்சம் இல்லை. அந்த மாதங்களில் பட்டறை வாசலில் ஜாம் ஆன மெஷின்கள் வரிசையாகக் கிடந்தன.

வடகாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி தன் அப்பாவின் மெஷினைக் கொண்டுவந்தான். பிஸ்டன் சுற்றிலும் உரசியிருந்தது.

"பெட்ரோல்ல ஆயில் கலந்தியா தம்பி?"

"கலந்துதாண்ணே ஊத்துனேன். என் கையாலதான் கலந்தேன்."

டேங்கில் மிச்சம் இருந்ததில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத்தாளில் விட்டேன். பக்கத்திலேயே என் கேனிலிருந்து ஒரு சொட்டு. கொஞ்ச நேரத்தில் அவனுடைய சொட்டு காய்ந்து தாள் பழையபடி வெளுத்துவிட்டது. என்னுடைய சொட்டு எண்ணெய்க் கறையாக வட்டமிட்டு நின்றது. அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஜெனரேட்டருக்கு வாங்கி வச்ச கேனை யாரோ மாத்தி ஊத்திட்டாங்கண்ணே" என்றான்.

இருக்கலாம். அந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் நாலு கேன் இருந்தது. அவன் மெஷினுக்கு அது நல்ல சேதிதான். காரணம் தெரிந்துவிட்டது, அது திரும்ப வராது, கொஞ்ச நேரமே ஓடியிருந்ததால் பேரிங்கும் தப்பியிருந்தது. இப்படிப்பட்ட மெஷினில் சிலிண்டரைக் காப்பாற்றப் பார்ப்பது நியாயம்.

சிலிண்டரில் கோடாகத் தெரிவதெல்லாம் கீறல் ஆகிவிடாது. பூச்சு கெட்டி, பிஸ்டன் மெத்து. உரசும்போது பெரும்பாலும் பிஸ்டனின் அலுமினியம்தான் பிய்ந்து சுவரில் அப்பிக்கொள்கிறது. நகத்தால் குறுக்கே வருடினால் மேடாகத் தட்டுப்படுவது அப்பியிருக்கும் அலுமினியம். பள்ளமாக நகம் இறங்கினால் பூச்சு கீறியிருக்கிறது. அப்பியதை எடுத்துவிட்டால் அடியில் பூச்சு பழுதில்லாமல் இருக்க வாய்ப்பு உண்டு.

எடுப்பதற்கு ஆசிட் பிடிப்பவர்கள் அதிகம். நிக்கசில் பூச்சுக்கு முரியாட்டிக் ஆசிட் பொருந்தும். குரோம் பூச்சில் அதை வைத்தால் குரோமையே அரித்துவிடும். எந்தப் பூச்சு என்று உறுதியாகத் தெரியாதபோது நான் காஸ்டிக் சோடாக் கரைசலைத்தான் எடுப்பேன். அது அலுமினியத்தைத் தின்னும். குரோமையும் நிக்கலையும் விட்டுவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, அப்பியிருக்கும் கோட்டின் மேல் மட்டும் வைக்க வேண்டும். போர்ட் ஓரங்களில் பூச்சு முடிந்து வெறும் அலுமினியம் தொடங்குகிறது, அங்கே படவே கூடாது. வைத்ததும் பொங்கிக் குமிழியிடும். துடைத்து மறுபடி வைக்க வேண்டும். அப்பிய அலுமினியம் தீர்ந்ததும் குமிழி நின்றுவிடும். தண்ணீரில் நன்றாகக் கழுவி, சன்னமான எமரித் தாளை நனைத்துக் குறுக்காகத் தேய்த்தால் சுவர் மறுபடி ஒரே நிறத்துக்கு வரும். இந்த வேலையைத் திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். இரண்டு கரைசலும் கண்ணைக் கெடுக்கக் கூடியவை. இரண்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது.

எவ்வளவு துடைத்து வைத்தாலும் ஒரே இடத்தில் குமிழி நிற்காமல் பொங்கிக்கொண்டே இருந்தால், நீங்கள் சிலிண்டரின் சொந்த அலுமினியத்தைத் தொட்டுவிட்டீர்கள். அங்கே பூச்சு இல்லை. இதைவிடத் தெளிவான பரிசோதனை எனக்குத் தெரியாது. கழுவி எடுத்துவைத்துவிட்டு, உடையவரிடம் கிட் பற்றிப் பேச வேண்டியதுதான்.

அதிலும் இடம் பார்க்க வேண்டும். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பைப் பிஸ்டன் தாண்டிய பிறகுதான் கம்ப்ரஷன் கட்டத் தொடங்குகிறது. அதற்கு மேலே பூச்சில் ஒரு கீறல் என்றாலும் அழுத்தம் கசியும். போர்ட்டுக்குக் கீழே ஒன்றிரண்டு மெல்லிய கீறல் இருந்தால் மெஷின் வருஷக்கணக்கில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். போர்ட் விளிம்பிலேயே பூச்சு பெயர்ந்திருந்தால் மட்டும் துணியக் கூடாது. ரிங் அதில் மாட்டி ஒடிந்தால், ஒடிந்த துண்டு புதுப் பிஸ்டனையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

அந்தத் தம்பியின் சிலிண்டர் சுத்தமாக வந்தது. பிஸ்டனும் ரிங்கும் சர்க்லிப்பும் புதிது போட்டுக் கொடுத்தேன். சிலிண்டரைக் காப்பாற்றினாலும் பிஸ்டனைத் தேய்த்துத் திரும்பப் போடுவது எனக்குப் பிடிக்காது. ரிங் பள்ளம் நசுங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ரிங்குக்குத் தெரியும்.

கருவேலம் அறுக்கிறவர்களின் மெஷின் வேறு கதை. மீமிசல் தாண்டி இராமநாதபுரம் எல்லை வரை சீமைக் கருவேலங்காடு. கரிமூட்டத்துக்கும் விறகுக்கும் ஓயாமல் அறுக்கிறார்கள். கெட்டி மரம், காய்ந்த நிலம், புழுதி. அங்கிருந்து ஒரு காண்ட்ராக்டர் 72 சிசி மெஷின் கொண்டுவந்தார். கம்ப்ரஷன் மீட்டர் வைத்தேன். 150 பவுண்டு சுற்றுவட்டாரத்தில் காட்ட வேண்டியது நூறைத் தொடவில்லை. மீட்டர் இல்லாதவர்கள் கயிற்றுக் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். நல்ல மெஷின் தயங்கித் தயங்கி இறங்கும். இது நேராகத் தரைக்கு வந்தது. கார்பரேட்டர் பக்கம் பிஸ்டனின் அடி காகிதம் போல மெலிந்திருந்தது.

"கிட்டு மட்டும் மாத்திக் குடு தம்பி, கம்பெனி கிட்டே போடு, காசு பாக்காத" என்றார்.

சிலிண்டரைத் தூக்கிவிட்டு, கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக அசைத்துக் காட்டினேன். டக் டக் என்று ஆடியது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேலும் கீழும் ஆடவே கூடாது. "ஐயா, இதுக்கு மேல கிட்டு போட்டா, கிட்டுக் காசும் சேந்து போயிரும்" என்றேன். கிராங்க், பேரிங், சீல், கிட் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டியது. பாதியைத் தாண்டினால் வேண்டாம் என்று சொல்வது என் வழக்கம்.

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் இன்னொரு மெஷினோடு வந்தார். அதே மாடல், மரம் மேலே விழுந்து டேங்கும் கைப்பிடியும் நொறுங்கிக் கிடந்தது. இன்ஜின் மட்டும் குறையில்லாமல் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிக் கொடுத்தேன். ஒரே மாடலில் வாங்கி வைப்பதன் பலன் அது. கெட்டுப்போன மெஷினைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன்.

கிட் மாற்றுவது என்று முடிவானால், எந்தக் கிட் என்பது அடுத்த கேள்வி. கம்பெனி கிட் விலை கூடுதல். பிழைப்பே மெஷினை நம்பியிருப்பவர் அதைத்தான் போட வேண்டும். ஒரு நாள் நின்றால் போகிற கூலி அவருக்கு அதைவிடக் கனம். வருஷத்துக்கு நாலு தடவை மட்டை, கிளை அறுக்கிற தோப்புக்காரருக்கு வெளிக் கிட் போதும். வெளிக் கிட்டை அப்படியே எடுத்து மாட்டிவிடக் கூடாது. போர்ட் விளிம்புகளை விரலால் தடவிப் பார்த்து, கூராக இருந்தால் சன்னமான தாளால் மழுக்க வேண்டும். பூச்சில் மொத்தை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு வரும் சர்க்லிப்பை நான் நம்புவதில்லை, வேறு நல்லது போடுவேன். 58 சிசி சீன மெஷின்களுக்குக் கிட் மிக மலிவு. கிராங்க் ஆடவில்லை என்றால் போடலாம். ஆடினால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

பூட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் இருக்க வேண்டும். பூட்டிய பிறகு, ஓட்டுவதற்கு முன், காற்றுக் கசிவு பார்க்காமல் மெஷினை நான் வெளியே விடுவதில்லை. கார்பரேட்டர் வழியையும் சைலன்சர் வழியையும் ரப்பர் வைத்து அடைத்து, கைப்பம்பால் அரை பார் அழுத்தம் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுவேன். முள் இறங்கக் கூடாது. பிறகு அதேபோல வெளியே உறிஞ்சியும் பார்ப்பேன். சில சீல்கள் ஊதும்போது அடைத்துக்கொண்டு, உறிஞ்சும்போது மட்டும் காற்று விடும். இந்தச் சோதனை இல்லாமல் கிட் மாற்றிக் கொடுக்கிற இடத்தில் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

பெட்ரோலையும் கவனிக்க வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் சேர்ந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் போய்த் தங்கும். டேங்க் பில்டர் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். அதில் ஆயில் இருக்காது. எத்தனால் கூடக் கூட, பழைய அளவில் வைத்த கார்பரேட்டருக்குப் பெட்ரோல் போதாமல் சூடும் ஏறும். கலந்த பெட்ரோலை மாசக்கணக்கில் கேனில் வைக்காதீர்கள். வேலை முடிந்து மெஷினை ஓரம் வைக்கும்போது டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

வேலை நடுவே மெஷின் இறுகி நின்றால் மட்டும் டேங்கைக் காலி செய்ய வேண்டாம். ஆறிய பிறகு வருகிறதா என்று கயிற்றை இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள். வெட்கப்பட்டு ஏர் பில்டரைக் கழுவிவிடாதீர்கள். மொட்டைச் செயினைக் கழற்றி நல்ல செயினை மாட்டிக் கொண்டு வராதீர்கள். நின்றது நின்றபடி, தூளும் அழுக்கும் மிச்சப் பெட்ரோலுமாக அப்படியே கொண்டு வாருங்கள். எந்த மெக்கானிக்காக இருந்தாலும், அதைப் பார்த்துத்தான் உங்கள் சிலிண்டருக்குச் செலவழிக்கலாமா வேண்டாமா என்று சரியாகச் சொல்ல முடியும்.